யோகப் பயிற்சி மன்றத்தின் ஆண்டறிக்கை: சித்திரை முதல் பங்குனி வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஜூன் 21 பன்னாட்டு யோகா தினமும் ஆயுத பூஜையும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன.

விரிவாகச் சொல்ல வேண்டியது, பருவத்துக்கு ஏற்பப் பயிற்சியையும் உணவையும் மாற்றும் நம் பருவ அட்டவணையைப் பற்றி. அதனால் மன்றத்தில் சில மனக்கசப்புகள் வந்ததால் பொதுக்குழுவுக்கு முழு விவரமும் தெரிய வேண்டும்.

இதுவரை நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே பயிற்சிதான். அக்கினி நட்சத்திரத்திலும் பன்னிரண்டு சுற்று சூரிய நமஸ்காரம், அதன்மேல் வேகமாக மூச்சை இழுத்துவிடும் பஸ்திரிகா. ஆயுர்வேதம் சொல்லும் ருதுசரியை, அதாவது பருவத்துக்கேற்ற நடைமுறை, இதற்கு நேர்மாறானது. பனிக்காலத்திலும் வசந்தத்திலும்கூட, உடற்பயிற்சியை உள்ள பலத்தில் பாதியோடு நிறுத்து என்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல். கோடையில் உடற்பயிற்சியே வேண்டாம் என்கிறது. ஆகவே சித்திரை, வைகாசியில் நமஸ்காரத்தை நான்கு சுற்றாகக் குறைத்து, உடலைக் குளிர்விக்கும் மூச்சுப் பயிற்சிகளான சீதளி, சீத்காரி, நீண்ட சவாசனம் என மாற்றினோம். வீட்டு உணவில் காரமும் புளியும் குறைத்து நீர்மோர், நுங்கு, வெள்ளரி சேர்க்கச் சொன்னோம்.

இதில் பெரிய வாக்குவாதம் தயிரைப் பற்றித்தான். தயிர் குளிர்ச்சி என்று நம் வீடுகளில் சொல்கிறோம். ஆயுர்வேதம் அதை உஷ்ண வீரியம், அதாவது சூட்டுத் தன்மை, உள்ளதாகவே கொள்கிறது. கோடையில் தவிர்க்கச் சொல்கிறது சரக சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூல். நீர் விளாவிய மோரை யாரும் தடுக்கவில்லை. மருந்து மாத்திரையை நிறுத்தும்படி மன்றம் சொன்னதாக ஒரு பேச்சு கிளம்பியது. அது உண்மையல்ல. சர்க்கரை உள்ளவர்கள் பானகம் குடிக்க வேண்டாம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பஸ்திரிகா செய்ய வேண்டாம், எதற்கும் மருத்துவரைக் கேளுங்கள் என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறோம்.

கடையில் விற்கும் அட்டவணையை வாங்கி மாட்டினால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. அவை ஐப்பசியைச் சரத் காலத்தில், அதாவது மழைக்குப் பிந்தைய பருவத்தில் வைத்து, மழை ஓய்ந்து வெயில் சுடும், பித்தம் மிகும் என்கின்றன. வடக்கே அது சரி. நம் காவிரிக் கடைமடையில் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர், அதாவது குளிர்காலம், என்று நம் முன்னோர் வகுத்தார்கள். செரிமானம் மந்தப்பட்டு, மூட்டு பிடித்துக்கொண்டு வாதம் ஏறும் அந்த நாட்களில் பித்தத்துக்கான குளிர்ந்த உணவு கெடுதல் செய்யும். அதனால் வர்ஷ ருதுவுக்கு, அதாவது மழைக்காலத்துக்குச் சொன்னவற்றை ஐப்பசிக்கு நகர்த்தினேன்: மிளகு ரசம், சுக்குவெந்நீர், நல்லெண்ணெய், பயிற்சியில் பவனமுக்தாசனம், மூட்டு அசைவுகள், நாசிகளில் மாறி மாறி மூச்சுவிடும் நாடிசுத்தி. மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல், ருதுசந்தி (பருவங்கள் சந்திக்கும் காலம்) முறைப்படி முடியும் பருவத்தின் கடைசி ஏழு நாளும் வரும் பருவத்தின் முதல் ஏழு நாளும் சிறிது சிறிதாகச் செய்தோம். தொடர்ந்து வந்தவர்கள் முழங்கால் வலி தணிந்ததாகச் சொன்னார்கள்.

தொடர்ந்து வந்தவர்கள் சிலரே என்பதுதான் வருத்தம். எந்த மழை மாதங்களுக்காக இவ்வளவும் செய்தோமோ, அந்த மாதங்களில் கூடம் காலியாகக் கிடந்தது. பயிற்றுநர் அம்மா நனைந்துகொண்டே வந்து இரண்டு மூன்று பேருக்கு வகுப்பு எடுத்துவிட்டுப் போனார். பருவ மாற்றக் கூட்டங்களுக்கு வராதவர்களே அட்டவணை புரியவில்லை என்று பிறகு குறை சொன்னார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் அய்யா படிப்பார். வாடகை, மதிப்பூதியம், மின்கட்டணம், புதிய பாய்கள் போக ஒரு சிறு தொகை கையிருப்பில் உள்ளது. சந்தா பாக்கி அதைவிடப் பெரியது. பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் கொடுக்க இயலாதவர்கள் அல்லர்.

கூடத்தைக் குறைந்த வாடகைக்கு விட்ட உரிமையாளருக்கும் தலைவருக்கும் பயிற்றுநருக்கும் செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் புதியவர்களை ஜனவரியில் சேர்ப்பதை விட்டுவிட்டுப் பங்குனியில் சேர்க்கலாம் என்பது என் யோசனை. யோகம் தொடங்க வசந்தமும் சரத்தும் ஏற்றவை, மற்ற ருதுக்கள் ஆகா என்கிறது கேரண்ட சம்ஹிதை என்ற யோக நூல். அட்டவணையை அச்சிட்டு வீட்டுக்கு ஒன்று கொடுக்கவும் ஆசை. அதற்கான பணம் பாக்கிச் சந்தாவில்தான் இருக்கிறது. இயலாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், தள்ளுபடி செய்ய செயற்குழு சம்மதித்துள்ளது. மற்றவர்கள் சித்திரைக்குள் செலுத்திவிட வேண்டுகிறேன். இந்தப் பொறுப்பை ஏற்க வேறு யாரேனும் முன்வந்தால் கணக்குப் புத்தகத்தையும் அட்டவணையையும் மனமுவந்து ஒப்படைப்பேன். அட்டவணையை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

தங்கள் பணியில்,
செயலாளர்