கட்டினால் அவிழ்க்கலாம், ஒட்டினால்?

அன்பு நண்பா,

தோள்வலி குறைந்துவிட்டது, அதனால் இன்று நீளமாகவே எழுதப் போகிறேன். மகள் வேறு வேலைக்கு மாறிவிட்டாள். பேரன் கைக்கு எட்டுவதையெல்லாம் பிரித்துப் போடுகிறான், திரும்பச் சேர்க்கிற வேலை என் தலையில். மற்றபடி எல்லாம் சுகம்.

நீ மொழிபெயர்த்து அனுப்பிய கையேட்டை, அலமாரியைப் பலகை பலகையாகச் சேர்க்கச் சொல்லித்தருவதை, படித்தேன். தமிழில் பிழை இல்லை, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் "இணைக்கவும்", "இணைக்கவும்" என்றே ஓடுகிறது. மர முளையைத் துளையில் விடுவதும் இணைப்பு, ஸ்க்ரூ போடுவதும் இணைப்பு, பசை தடவுவதும் இணைப்பு என்றால், பலகைகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் கையை வைத்து என்ன செய்வான்?

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சேர்க்கும் சொல் பிடிபடவில்லை என்றால், அதைப் பிரிக்கும்போது என்ன சொல்வோம் என்று யோசிப்பேன். கட்டியதை அவிழ்க்கிறோம், மாட்டியதைக் கழற்றுகிறோம், செருகியதை உருவுகிறோம், தைத்ததைப் பிரிக்கிறோம், அடித்த ஆணியைப் பிடுங்குகிறோம், ஒட்டியதைப் பிய்க்கிறோம், பற்றவைத்ததை அறுக்கத்தான் வேண்டும். இந்த வரிசையைப் பார்த்தாயா, போகப் போகப் பொருளுக்குச் சேதம் கூடிக்கொண்டே போகிறது. கயிற்றை அவிழ்த்தால் கயிறும் முழுசு, மூட்டையும் முழுசு. ஒட்டிய காகிதத்தைப் பிய்த்தால் ஒரு பக்கமாவது கிழியும். வேடிக்கை என்னவென்றால் ஒரே சொல்லுக்கு இரண்டு எதிர்ச்சொல்லும் வரும்: கதவைப் பூட்டினால் திறக்கிறோம், வண்டியில் மாட்டைப் பூட்டினால் அவிழ்க்கிறோம். மணி கோர்ப்பதும் பூத் தொடுப்பதும் நூல் வேலைதான், ஆனால் மணியில் நூல் துளை வழியே போகிறது, உருவினால் வந்துவிடும். பூவில் நூல் காம்பைச் சுற்றி இறுக்குகிறது, உருவ முடியாது. ("கோத்தல்" தான் சரி என்று நீ சண்டைக்கு வருவாய், வா.)

உன் கையேட்டில் "பொருத்தவும்" என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை, சரியாக உட்காரும் என்ற உறுதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, பொருந்தவில்லை என்றால் பலகையைத் திருப்பி வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். இணைப்பதில் அந்த உறுதி கிடையாது.

அப்புறம் முடுக்குவதும் இறுக்குவதும் ஒன்றல்ல. ஒரு மூலையில் ஸ்க்ரூவை முதலிலேயே முழுக்க இறுக்கிவிட்டால் எதிர் மூலையில் துளைகள் நேருக்கு நேர் வராது. எல்லா ஸ்க்ரூவையும் பாதி முடுக்கி, சட்டம் நேராக நிற்கிறதா என்று பார்த்து, கடைசியில்தான் இறுக்க வேண்டும். நீ இரண்டுக்கும் ஒரே சொல் போட்டிருப்பதால் அந்த வரிசையே மறைந்துவிட்டது.

பலகை விஷயத்தில் இன்னொன்று. மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரியும், சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால் அகலமான முழுமரப் பலகையைச் சட்டத்தோடு அசையாமல் ஒட்டினால் நாளடைவில் வெடிக்கும், நீள்துளையில் ஸ்க்ரூ போட்டு நகர இடம் விடுவார்கள். அங்கே போய் "உறுதியாக ஒட்டவும்" என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளன் மேஜையை உடைத்தவன் ஆவான்!

பற்றவைப்பது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அதிலும் இரண்டு ஜாதி. வெல்டிங்கில் இரும்பின் விளிம்பே உருகிக் கலக்கிறது. ஈயம் வைக்கும்போது கம்பி உருகாது, நடுவில் வைப்பதுதான் உருகும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், செம்புக்கு 1085 வேண்டும். பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதும் இந்த இரண்டாம் ஜாதிதான், உன் மைத்துனர் "பொடி வைத்து" பேசுவதும் அங்கிருந்து வந்த பேச்சுதான்.

இலக்கணத்திலும் இதே கதை. யாத்தல் என்றால் கட்டுதல், அதிலிருந்து செய்யுள் கட்டும் யாப்பு, சீருக்கும் சீருக்கும் நடுவே தளை, அதாவது கால்விலங்கு, தொடுப்பதால் தொடை. செய்யுளைக் கட்டுகிறவர்கள் கயிற்றையும் விலங்கையும் பூமாலையையும்தான் நினைத்திருக்கிறார்கள். சொற்கள் புணரும்போது மட்டும் வெல்டிங் மாதிரி விளிம்பே மாறுகிறது: பூவும் கொடியும் சேர்ந்தால் நடுவில் ஒரு மெய் முளைத்துப் பூங்கொடி, மரமும் வேரும் சேர்ந்தால் ஒரு மெய் போய் மரவேர், பல்லும் பொடியும் சேர்ந்தால் எழுத்தே திரிந்து பற்பொடி. மூன்றில் மரவேரைத்தான் எனக்குப் பிடிக்கும், ஏன் என்று கேட்காதே.

சரி, வேலைக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் அலமாரியைச் சுவரோடு பிடித்துவைக்கும் பட்டி வருகிறதே, அங்கேயும் "இணைக்கவும்" தான். அந்த இடத்தில் அழகு பார்க்க வேண்டாம். "அலமாரி சாயாதபடி பட்டியைச் சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்கவும்" என்று பச்சையாக எழுது, இழுப்பறையைப் பிடித்து ஏறுகிற குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்கும் இந்த அலமாரி போகும். திருத்தியதும் முதல் பத்துப் பக்கத்தை அனுப்பு, சிவப்பு மை தயாராக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்