மாரிக்கு முன் ஒரு விண்ணப்பம்: திருகோணமலைத் திருச்சபைகளின் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய குருக்களே, போதகர்களே, அருட்சகோதரிகளே, பங்குப் பேரவைகளிலும் சபைச் செயற்குழுக்களிலும் பணியாற்றும் சகோதர சகோதரிகளே,

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான வரவு செலவுகளை நீங்கள் பேசத் தொடங்கும் காலம் இது. ஒளிவிழா எந்த நாளில், கரோல் குழு எந்தெந்த வீதிகளுக்குப் போவது, பாலன் குடில் இவ்வருடம் எவ்வளவு பெரிதாக அமைவது என்பன எல்லாம் ஒக்டோபர் முடிவதற்குள் பெரும்பாலும் தீர்மானமாகிவிடும். அவை கூட்ட அறிக்கையில் ஏறுவதற்கு முன் ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்கவே, எந்தப் பதவியும் இல்லாத ஒரு பொதுநிலை விசுவாசியாகிய நான் இதை எழுதுகிறேன்.

நமது கரையில், கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலமும் பசிக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழுகிறது. அதே நாட்களில்தான் வடகீழ்ப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்க வைத்து, கரைவலைக்காரரையும் சிறுபடகுக்காரரையும் கரையில் இருத்திவிடுகிறது. மேற்குக் கரையிலிருந்து, தென்மேல் காற்று வீசும் கச்சான் காலத்தில் இங்கு வந்து தொழில் செய்தவர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பிவிடுவார்கள். நம்மவர்களுக்குத் திரும்பிப் போக வேறு கடல் இல்லை. முதலாளியிடம் வாங்கிய முற்பணம் கழிபடாமல் நிற்கும். நுண்கடன் நிறுவனத்தின் கிழமைத் தவணைக்கோ மழையும் இல்லை, காற்றும் இல்லை. மேசன் வேலை, கூலி வேலை எல்லாம் மழையோடு நின்றுபோகும். இந்த வீடுகளுக்கு முன்னால்தான் நமது கரோல் குழுக்கள் வந்து நின்று பாடுகின்றன. அவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்பதற்காகப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி உண்டியலில் போடும் தாய்மாரை நீங்களும் அறிவீர்கள்.

கர்த்தருடைய வருகை சமீபம் என்று நமது மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஒலிபெருக்கி வைத்து அதைச் சொல்லும் சபைகளும் உண்டு. சற்று மெதுவாகச் சொல்லும் பழைய சபைகளும் உண்டு. அந்த நம்பிக்கையை நானும் விட்டவனல்லன். ஆனால் அந்த அவசரம் நமது பேச்சில் இருக்குமளவுக்கு நமது நடைமுறையில் இல்லை என்பதே என் மனக்குறை. காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்குரியதல்ல என்று சீடர்களுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. அதேவேளை, நாம் தெளிவாக அறியக்கூடிய ஒரு தவணையை வேதாகமம் குறித்துத் தந்திருக்கிறது. அது சூரியன் மறையும் வேளை. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமத்தின் 24ஆம் அதிகாரம். அவன் அதை நம்பித்தான் இருக்கிறான் என்ற காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது. சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணியட்டும் என்று எபேசியருக்கு எழுதுகிறார் பவுல். இயேசுவும், பகற்காலம் இருக்கும்வரை என்னை அனுப்பினவருடைய கிரியைகளைச் செய்ய வேண்டும், ஒருவரும் வேலை செய்ய இயலாத இரவு வருகிறது என்று சொன்ன கையோடு, பிறவிக் குருடன் ஒருவனின் கண்களைத் திறந்தார். அது ஓய்வுநாள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மறுநாள் வா என்று அவனிடம் சொல்லியிருந்தால் யாருமே குறை கண்டிருக்கமாட்டார்கள்.

தெசலோனிக்கே சபையினருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்திலிருந்து, வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற வசனத்தை உதவிக் கூட்டங்களில் யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லாமல் விடுவதில்லை. கடலுக்குப் போக மனமிருந்தும் கடல் விடாத மனிதனைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை.

நமது சபைகளில் இரக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரக்கம் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டு, குழு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்து, அடுத்த கூட்டத்தில் போதிய உறுப்பினர் இல்லாமற்போய், அதற்குள் அந்தக் குடும்பம் காதுத் தோட்டை அடகு வைத்துவிடுகிறது என்பதையே சொல்கிறேன். அப்போஸ்தலருடைய நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் வரும் குழுவை நினைத்துப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தவுடன் சபை கூடியது, ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது, பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தது. பந்தி பிந்தக் கூடாது என்பதற்காகவே அந்தக் குழு பிறந்தது. நாமோ பிந்துவதற்கு ஒரு காரணமாகவே குழுவை வைத்திருக்கிறோம்.

நம்மால் விரைந்து செயற்பட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் ஆலயங்களும் பாடசாலைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. கிண்ணியாவில் வைத்தியசாலையும் தப்பாத அந்நாளில், சோறு சமைத்தவரும் உண்டவரும் எந்தச் சமயத்தவர் என்று பார்க்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. இன்னும் சற்றுப் பின்னே போனால், திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே மறைமாவட்டமாக இருந்த நாட்களில், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு வழியில் காணாமற்போன அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட் அடிகளார் நினைவுக்கு வருகிறார். போர் உச்சத்தில் இருந்த அந்த மாதங்களில் வீதியில் இறங்காமல் இருப்பதற்கு அவருக்கு எத்தனையோ நியாயமான காரணங்கள் இருந்தன. அவரைப் போன்றவர்களின் பெயரை ஆண்டு நினைவுநாளில் வாசிக்கும் நாம், ஐயாயிரம் ரூபாவைக் கொடுக்க மூன்று கையொப்பங்கள் கேட்கிறோம்.

ஆகவே என் விண்ணப்பம் இது. ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு சபையும் இந்த மாரிக்கு முன் ஒரு சிறு நிதியை ஒதுக்கட்டும். அதற்குப் பெரிய உண்டியல் விழா தேவையில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையிடம் பவுல் கேட்டபோது, வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கதாக ஒதுக்கி வையுங்கள் என்றே சொன்னார்; ஒக்டோபரில் தொடங்கினாலும் கடல் அடைபடும்போது கையில் ஏதாவது இருக்கும். குறிப்பிட்ட ஒரு தொகை வரை, நம்பிக்கைக்குரிய இருவர், அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது, கேட்ட அன்றே கொடுக்கும் அதிகாரம் பெறட்டும். கணக்கு மாத முடிவில் சபைக்கு வரட்டும். உதவி பெற்றவர்களின் பெயர் வரவேண்டியதில்லை. ஒளிவிழாவுக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நவம்பரிலேயே இதற்கு மாற்றுங்கள். பாலன் குடில் ஓர் அடி குறைந்தால் பாலனுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

இன்னொன்று. நமது ஆலய வளவுகளிலேயே கூலி பிந்துகிறது. சுவர் பூசிய மேசனும் புல் வெட்டிய கூலியாளும் பொருளாளர் வரும்வரை காத்திருந்து, வெறுங்கையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதை நான் கண்டிருக்கிறேன். ஆலயம் எது என்று சொல்வதால் பயனில்லை, ஏனெனில் அது ஒன்று மட்டுமல்ல. அன்றைய கூலியை அன்று மாலைக்குள் கொடுக்க முடியாவிட்டால் அன்று வேலைக்கு ஆள் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதியை எழுதிவையுங்கள்.

இந்த உதவி ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுக்கப்படவும் கூடாது, துண்டுப்பிரசுரத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படவும் கூடாது. இந்துக்களும் இஸ்லாமியரும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழும் இவ்வூரில், அரிசிப் பையைக் காட்டி ஆள் சேர்க்கிறார்கள் என்ற பழிச்சொல்லை நாம் கேட்டிருக்கிறோம். அதில் சில சமயம் உண்மையும் இருந்தது என்பதை நமக்குள்ளாவது ஒத்துக்கொள்ள வேண்டும். நற்செய்தியை அறிவிக்கும் கடமையை நான் மறுக்கவில்லை. பசித்தவன் மறுத்துப் பேச முடியாத வேளையில் அதை அறிவிப்பது அவனுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

ஒக்டோபர் மாதக் கூட்டத்தில் இந்த விடயத்தை நிகழ்ச்சி நிரலின் முதலாவதாக எடுத்துக்கொள்ளுமாறும், நிதிக்குப் பொறுப்பான இருவரின் பெயர்களை நவம்பர் முதல் ஞாயிறு வழிபாட்டில் அறிவிக்குமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாயின் மறுப்பையும் அதே ஞாயிறு அறிவித்துவிடுங்கள். வேறு வழி தேட அந்தக் குடும்பங்களுக்கு அப்போதும் சில கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

கிறிஸ்துவில் அன்புடன்,
பாலையூற்றிலிருந்து ஒரு பொதுநிலை விசுவாசி