வீட்டிலிருந்து படிக்கும் பெரியவர்களுக்கான கல்வி உதவிப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

ஞாயிறு காலை உதவி மேசையின் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பாடம் புரியவில்லை என்று வந்தவர்கள் குறைவு. பெயர் பொருந்தவில்லை, ஓ.டி.பி. வரவில்லை, கடைசி நாள் தாண்டிவிட்டது, கோப்பு ஏறமாட்டேன் என்கிறது என்று வந்தவர்களே அதிகம். ஐம்பது வயதில் மறுபடி புத்தகத்தைத் தொட்ட ஒருவர் இப்படிப்பட்ட காரணத்தால் படிப்பை விடுவதை நம்மால் ஏற்க முடியாது. அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதியை இவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பெயரும் போன் எண்ணும்

தமிழ்நாட்டில் நமக்கு இன்ஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. கணினிப் படிவங்கள் இதைப் புரிந்துகொள்வதில்லை. ஒரு பெண்மணியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'லட்சுமி கே' என்று இருக்கும். ஆதாரில் வெறும் 'லட்சுமி'. பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து 'லட்சுமி கண்ணன்'. திருமணத்துக்குப் பின் எடுத்த வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் எழுத்து இன்ஷியலாகியிருக்கும். நான்கும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், சான்றிதழ்களை இணையத்தில் வைத்திருக்கும் அரசின் டிஜிலாக்கருக்குத் தெரியாது. மதிப்பெண் பட்டியலை இழுக்கும்போது பெயர் ஒத்துப்போகவில்லை என்று நின்றுவிடும்.

இது இப்போது முன்பைவிடப் பெரிய தடை. தொலைநிலை வழியிலோ இணைய வழியிலோ பட்டப்படிப்பில் சேருகிறவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டி.இ.பி. அடையாள எண் பெற வேண்டும். அதற்கு முன், படித்துத் தேறிய பாடங்களின் மதிப்பலகுகளை (கிரெடிட்) சேர்த்து வைக்கும் கல்விக் கடன்மதிப்பு வங்கியில் (ஏ.பி.சி.) கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு ஆதாரில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொள்கிறது. எனவே அடித்தளத்தில் பிழை இருந்தால் மேலே எல்லாவற்றிலும் பிழை வரும்.

நாம் சொல்லும் வழி இதுதான்: பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். சான்றிதழில் உள்ள பெயரை மாற்றப் போனால் அரசிதழ் வரை அலைய வேண்டிவரும். ஆதாரில் திருத்துவது எளிது, ஆனால் பெயரை மொத்தமே இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஆகவே இ-சேவை மையத்தில் அவசரத்தில் எதையாவது தட்டச்சு செய்ய விட்டுவிடாதீர்கள். எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டில் இன்ஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, நடுவில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது போன். ஆதாரோடு மகனின் எண்ணை இணைத்திருப்பவர்கள் நம் உறுப்பினர்களில் நிறையப் பேர். மகன் வெளிநாட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், ஓ.டி.பி. சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். வேறு சிலர் பழைய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள். 90 நாள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்பட்டு, பிற்பாடு வேறொருவருக்குப் போய்விடக்கூடும். உங்கள் கையில் இருக்கும் போனில், உங்கள் பெயரில் உள்ள எண்தான் ஆதாரிலும் இருக்க வேண்டும். ஆதார் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்து இதை மாற்றிக்கொள்ளலாம். மின்னஞ்சலும் அப்படியே: படிப்புக்கென்று ஒரே முகவரி, அதன் கடவுச்சொல் டைரியில் உங்கள் கையெழுத்தில்.

எந்தப் படிப்பு

சான்றிதழ் தேவையில்லை, கற்றுக்கொண்டால் போதும் என்பவர்கள் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் எதையும் இலவசமாகப் படிக்கலாம். பத்தாம் வகுப்போ பன்னிரண்டோ முடிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேரலாம். ஐந்து பாடங்கள் தேற வேண்டும், சேர்க்கை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரே திறந்தநிலைப் பட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு, வேண்டாம் என்றே சொன்னோம். அப்படி வாங்கிய பட்டம் அரசுப் பணியிலும் பதவி உயர்விலும் செல்லுபடியாகாது.

சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1981இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) சென்னை மண்டல மையம் மூன்றும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. எங்கே சேர்வதானாலும், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தக் குறிப்பிட்ட பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருப்பது வேறு, நீங்கள் சேரும் படிப்புக்கு இருப்பது வேறு.

சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். பட்டம் பற்றி இந்த ஆண்டு நிறையக் கேள்விகள் வந்தன. வயது வரம்பு இல்லை என்பது உண்மை. ஆனால் தகுதிக் கட்டத்தில் ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணக்கீட்டுச் சிந்தனை ஆகிய நான்கையும் நான்கு வாரம் ஒருசேரப் படிக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் என்று அவர்களே சொல்கிறார்கள். அலுவலகம் போகிறவர்கள் அந்த ஒரு மாதத்தை வீட்டில் கல்யாணமோ தணிக்கைக் காலமோ இல்லாத மாதமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

என்.பி.டி.இ.எல். கணக்கு

உறுப்பினர்கள் அதிகம் சேர்ந்தது ஐ.ஐ.டி.கள் இணையவழி நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில்தான், எனவே அதன் மதிப்பெண் முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வார ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 இரண்டையும் தனித்தனியே எட்ட வேண்டும். ஒப்படைப்பில் 25க்கு 25 வாங்கி, தேர்வில் 28 எடுத்தால் கூட்டுத்தொகை 53. ஆனால் சான்றிதழ் கிடையாது. 10ம் 30ம் எடுத்தவருக்குக் கூட்டுத்தொகை வெறும் 40தான், சான்றிதழ் உண்டு. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். 8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரப் பாடத்தில் சிறந்த 3. அதாவது 12 வாரத்தில் நான்கு வாரம் விட்டாலும் மதிப்பெண் குறையாது. வீட்டில் உடம்பு சரியில்லாத வாரம், ஊருக்குப் போன வாரம் என்று இந்த நான்கையும் சேமிப்பாக வைத்திருங்கள். தொடக்கத்திலேயே சோம்பலில் செலவழித்துவிட்டால் ஐந்தாவது விடுபடுதல் பூச்சியமாக ஏறும்.

கடைசி நாள் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் விடைகளை அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே கணக்கு. ஆகவே முதல் பார்வையில் தெரிந்ததைக் குறித்து அன்றே ஒருமுறை அனுப்பிவிடுங்கள். பின்னர் காணொளியை மறுபடி பார்த்துத் திருத்தி அனுப்பலாம். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்தவர்களுக்குத்தான் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து ரூ.1000 கட்ட வேண்டும் என்பதைச் சிலர் கவனிக்கவில்லை. பாடத்தில் சேர்ந்ததாலேயே தேர்வுக்குப் பதிவாகிவிடாது. பாடத்தில் சேர்ந்த அதே மின்னஞ்சலில் பதிய வேண்டும். அங்கே தட்டச்சு செய்யும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். ஜூலைப் பருவத்தின் தேர்வு வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வருவதால், மையம் தேர்ந்தெடுக்கும்போதே சுரங்கப்பாதை வழியாகப் போக வேண்டியிராத இடத்தைப் பாருங்கள்.

கரண்ட், நெட், கருவிகள்

மாதப் பராமரிப்புக்காகச் சென்னையில் பொதுவாகக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்சாரம் நிறுத்தப்படுகிறது. காலை நேரலை வகுப்பு உள்ளவர்கள் ரவுட்டருக்குச் சிறிய யு.பி.எஸ். வாங்கினால் நல்லது. வாங்கும் முன் ரவுட்டரின் அடாப்டரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும்: 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பதுபோல. வோல்ட் அச்சொட்டாக ஒத்திருக்க வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்தால் கருகிவிடும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைந்தால் ரவுட்டர் திரும்பத் திரும்ப அணைந்து எரியும். சுவரில் ஃபைபர் பெட்டி ஒன்று, ரவுட்டர் ஒன்று என இரண்டு இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் தேவை. அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல்: கீழ்த்தளத்தில் உள்ள இணைப்புப் பெட்டிக்கு பேட்டரி இல்லையென்றால் வீட்டில் யு.பி.எஸ். வைத்தும் பயனில்லை. கரண்ட் போனதும் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் காரணம் வீட்டுக்கு வெளியே என்று பொருள். பணம் செலவழிக்கும் முன், ஒரு மின்தடையின்போது ஃபைபர் பெட்டிக்கு இரவல் யு.பி.எஸ். கொடுத்து இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் காணொளியை 480பி தரத்தில் வையுங்கள், மணிக்கு ஏறத்தாழ அரை ஜி.பி. ஆகும். 1080பி வைத்தால் தினசரி 1.5 ஜி.பி. ஒரே வகுப்பில் தீர்ந்துவிடும். அதன்பின் 64 கே.பி.பி.எஸ். வேகத்தில் ஒப்படைப்புப் பக்கம்கூடத் திறக்காது. கரும்பலகை எழுத்து 480பியிலேயே தெளிவாகத் தெரியும்.

ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் 8ஆம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். 6, 7ஆம் தலைமுறைக் கணினிகள் விலை மலிவாகக் குவிவதற்கு இதுவே காரணம். 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. இரண்டும் இருந்தால் பைத்தான் வகுப்பு உட்பட எல்லாவற்றுக்கும் போதும்.

கையால் எழுதிய ஒப்படைப்பைப் போனில் ஸ்கேன் செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், தாளின் ஓரம் பறந்துதான் பாதிப் படங்கள் மங்குகின்றன. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், போனின் நிழல் தாளில் படக்கூடாது. எல்லாப் பக்கங்களும் ஒரே பி.டி.எஃப்.பில் வரிசையாக இருக்க வேண்டும். ஏற்றிய பிறகு அதையே இறக்கித் திறந்து பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் மட்டும் அனுப்புங்கள்.

பண எச்சரிக்கை

இலவச சோதனைக் காலம் என்று அட்டை எண்ணையோ யு.பி.ஐ. ஆட்டோபேயையோ கேட்கும் தளங்களில் சேர்ந்த அன்றே, காலம் முடியும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தி வந்தவுடன் உங்கள் யு.பி.ஐ. செயலிக்குள் சென்று ஆட்டோபேயை ரத்து செய்யலாம். ஒரு தனியார் பயிற்சி நிறுவனம், பாடக் கட்டணத்தை மாதத் தவணை என்று சொல்லி உறுப்பினர் ஒருவரின் பெயரில் கடனாகவே பதிந்திருந்தது. படிப்பை நிறுத்தியும் தவணை நிற்கவில்லை. கையெழுத்திடும் தாளில் கடன் கொடுப்பவர் என்று வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு நம் உதவி மேசைக்கு வாருங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

வரும் ஆண்டுக்காகப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு முன்மொழிவுகள். ஒன்று, சங்க அறையின் ரவுட்டருக்கு ஒரு யு.பி.எஸ். வாங்கி, பராமரிப்பு நாட்களில் அறையைக் காலை 9 மணி முதல் திறந்து வைப்பது. இதற்குச் சாவி வைத்திருக்க இரு உறுப்பினர்கள் முன்வர வேண்டும். இரண்டு, ஜூலைப் பருவ சேர்க்கைக்கு முன் ஜூன் மாத ஞாயிறுகள் முழுவதையும் ஆவணச் சரிபார்ப்புக்கே ஒதுக்குவது. வருகிறவர்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசல், ஆதார் அட்டை, ஆதாரில் இணைத்த எண் உள்ள போன் ஆகிய மூன்றையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

செயலாளர்