தாத்தாகிட்ட பேசமாட்டேன்னு உட்கார்ந்திருக்கான்

சிட்னி
8 ஏப்ரல் 2018

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் போன்ல நாம பேசினது பாதி சண்டையாவே முடிஞ்சிடுச்சு, அதான் இந்த தடவை எழுதியே அனுப்பிடலாம்னு. ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்மித் பந்தை தேச்ச விவகாரத்துல மாட்டினதுக்கு நீங்க "நான் அப்பவே சொன்னேன்ல"னு மூணு தடவை சொன்னீங்க, ஸ்பீக்கர்ல இருந்ததால உங்க பேரன் மூணையும் கேட்டுட்டான். பெங்களூரு டெஸ்ட்ல அவுட்டை எதிர்த்து ரிவ்யூ கேக்கலாமான்னு ரூலை மீறி டிரெஸ்ஸிங் ரூமை பாத்தப்பவே ஸ்மித் லட்சணம் தெரிஞ்சிடுச்சுன்னு நீங்க சொன்னதும் சரிதான். அன்னைக்கு "மூளை கொஞ்சம் நின்னுடுச்சு"ன்னு ஸ்மித் சொன்னதை நம்பி உங்ககிட்ட அவனுக்காக வாதாடினதே நான்தான், அதனால எனக்கு ரெண்டு மடங்கு எரிச்சல்.

அந்த பந்து தேச்ச கூத்து இங்க ராத்திரி பதினொன்னு பன்னெண்டு மணிக்கு நடந்தது அப்பா, கேப்டவுனுக்கும் நமக்கும் ஒம்பது மணி நேரம் வித்தியாசம். ஊரே தூங்கி ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சு பாத்தா டிவில ஸ்மித் டீம் ஆளு பேன்கிராஃப்ட் மஞ்சளா ஏதோ ஒன்ன பேண்ட்டுக்குள்ள சொருவுறான், அதையே திரும்பத் திரும்ப போடறாங்க. அம்பயர் கேட்டா கறுப்புத் துணிய எடுத்து காட்டறான். அப்புறம் பிரஸ் மீட்ல டேப்புன்னான், ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் அது உப்புத்தாள்னு ஆஸ்திரேலிய கிரிக்கெட் போர்டு சொன்னது. அதாவது தப்பை ஒத்துக்கறேன்னு வந்து உட்கார்ந்த இடத்துலயும் ஒரு பொய். எனக்கு பந்தை தேச்சதை விட இதுதான் ஆறல.

உங்க பேரன் கேட்ட கேள்வி வேற. சனிக்கிழமை மேட்ச்ல கோச்சே ஒரு பக்கத்தை எச்சில் தொட்டு பேண்ட்ல தேச்சு பளபளன்னு வெச்சுக்க சொல்றாரே, அது சரின்னா மத்த பக்கத்தை சொரசொரப்பாக்கறது மட்டும் எப்படி தப்புன்னான். எனக்கு சட்டுன்னு பதில் வரல. ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் சொரசொரப்புன்னா பழைய பந்து காத்துல எதிர்ப்பக்கம் வளையுமே, அந்த ரிவர்ஸ் ஸ்விங்கை நீங்க எனக்கு சின்ன வயசுல சொல்லிக் குடுத்த மாதிரியே ஒரு டென்னிஸ் பந்துல பாதிக்கு டேப் ஒட்டி காட்டினேன். பந்து பழசாகி ஒரு பக்கம் தானா தேஞ்சா அது ஆட்டம், த்ரோவை பிட்ச்ல குத்தி போட்டு தேய்க்கறதெல்லாம் அம்பயர் பாத்து முறைக்கற ரகம், கையில ஒரு பொருளை ஒளிச்சு வெச்சு தேச்சா அது திருட்டுன்னு சொன்னேன். உடனே "ஸ்மித் தேய்க்கலையே, பேன்கிராஃப்ட்தானே தேச்சான்"ங்கறான். தெரிஞ்சும் தடுக்கலன்னு, அதை மறைக்கவும் சொன்னான்னுதான்டா 12 மாசம் தடைன்னேன். தேச்சவனுக்கு 9 மாசம், பாத்துட்டு சும்மா இருந்த கேப்டனுக்கு 12ஆன்னு கணக்கு போட்டுட்டு அப்படியே போயிட்டான்.

அவனுக்கு ஸ்மித் எவ்வளவு பைத்தியம்னு உங்களுக்கு தெரியாதுப்பா. இங்கிலாந்துகிட்ட ஆடின ஆஷஸ் தொடர்ல 687 ரன் அடிச்சானே, அந்த சீசன் முழுக்க இவன் பேட் பிடிச்சா ஒவ்வொரு பாலுக்கும் முன்னாடி பேட், க்ளவுஸ், ஹெல்மெட்னு தொட்டுத் தொட்டு ஆடுவான், பந்து போடற பையன் கடுப்பாகி உட்கார்ந்துடுவான். ஜனவரில இங்க சிட்னி மைதானத்துக்கு கூட்டிட்டு போனோம், ஸ்மித் 83 ரன்ல, பந்து போட்ட மொயின் அலிகிட்டயே கேட்ச் குடுத்து போனதுக்கு இவன் அழுதான். அவ்வளவு தொட்டவன் இப்போ ஒன்னும் தொடாம கல்லு மாதிரி நிக்கறான். போய் நான் என்னத்த சொல்ல.

இந்த ஊர்க்காரங்க நிலைமைதான் எனக்கு புதுசா இருக்கு. இங்க டெஸ்ட் கேப்டன் வேலைங்கறது பிரதமர் வேலைக்கு அடுத்ததுன்னு பாதி விளையாட்டா சொல்லுவாங்க, பிரதமர் டர்ன்புல்லே அன்னைக்கே டிவில வந்து வருத்தப்பட்டார். வாய்ல எவ்வளவு வேணா திட்டுவோம் ஆனா கோட்டை தாண்டமாட்டோம்னு இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவங்க இல்லையா, இப்போ திங்கட்கிழமை ஆபீஸ்ல ஒருத்தர் என் சீட்டுக்கு வந்து சாரின்னார். ஆடினது தென்னாப்பிரிக்காகிட்ட, எனக்கு எதுக்கு சாரி? சிரிப்பும் வந்தது, பாவமாவும் இருந்தது. பக்கத்து வீட்டு நியூசிலாந்துக்காரருக்கு மட்டும் ஏக சந்தோஷம், 1981ல மெல்போர்ன்ல ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சாப்பல், நியூசிலாந்து சிக்ஸ் அடிக்கக்கூடாதுன்னு தம்பிகிட்ட சொல்லி கடைசி பந்தை தரையில உருட்ட விட்டதுல ஆரம்பிச்சார், அன்னைக்கு ரூல்ல அதுக்கு தடை கூட இல்ல, 37 வருஷமாயும் மனுஷன் விடல.

ஆனா அந்த வாரம் வியாழக்கிழமை ஏர்போர்ட்ல ஸ்மித் அழுதான் பாருங்க, பின்னாடி அவங்க அப்பா தோள்ல கை வெச்சுட்டு நின்னார். அதோட இங்க காத்து மாறிடுச்சு. அதுவரைக்கும் ஆயுசுக்கும் ஆட விடக்கூடாதுன்னவங்களே ஒரு வருஷம் ஜாஸ்தின்னு பேச ஆரம்பிச்சாங்க. உங்க மாப்பிள்ளைக்கு நம்பிக்கை வரல, மாட்டினதுக்கு அழறான்னார். நான் ஸ்மித்தை பாக்கல அப்பா, அந்த கையைத்தான் பாத்துட்டு இருந்தேன்.

இப்போ ஒன்னு சொல்றேன், கோவப்படாதீங்க. நேத்து ராத்திரி சிஎஸ்கே திரும்பி வந்த மேட்சுக்கு நீங்க எப்படி குதிச்சிருப்பீங்கன்னு எனக்கு தெரியும், பிராவோ 30 பந்துல 68 அடிச்சதுக்கு நானும் இங்க விடிகாலை மூணு மணி தாண்டி முழிச்சிட்டுதான் இருந்தேன், ஒரு விக்கெட்ல ஜெயிச்சப்போ கத்தி எல்லாரையும் எழுப்பிட்டேன். ரெண்டு வருஷம் எதுக்கு வெளிய இருந்தோம்? பெட்டிங்ல மாட்டினது நம்ம டீம் ஆளுதானே. ஆடினவங்க என்ன பண்ணுவாங்க பாவம்னு அப்ப நீங்க சொன்னீங்க, நானும் தலையாட்டினேன். அந்த மஞ்சச் சட்டையை நாம ரெண்டு பேருமே தூக்கி போடல. அப்ப உங்க பேரனை மட்டும் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு ஸ்மித் போஸ்டரை கிழின்னு சொல்றது? அது வேற இது வேறன்னு நீங்க சொல்லுவீங்க, வேறதான், ஆனா எந்த இடத்துல வேறன்னு அவனுக்கு புரியற மாதிரி சொல்ல முடிஞ்சா சொல்லுங்க, எனக்கு வரல.

மத்தபடி எல்லாரும் சௌக்கியம். போன ஞாயித்துக்கிழமையோட இங்க மணியை பின்னாடி தள்ளியாச்சு, இனிமே நமக்கு நடுவுல நாலரை மணி நேரம்தான், அதனால சாயங்காலம் அவன் தூங்கறதுக்குள்ள கூப்பிடலாம். கூப்பிட்டா ஸ்மித்தை நீங்களா எடுக்காதீங்க. அவனா எடுத்தா மட்டும் பேசுங்க, "அப்பவே சொன்னேன்" மட்டும் வேண்டாம்.

அம்மாவை முழங்காலுக்கு போட்ட தைலத்தை விடாம போட சொல்லுங்க.

உங்கள் அன்பு மகள்