தங்கல் தொழிலாளருக்கு இரண்டு மாத இரத்த அழுத்த மாத்திரை வழங்கக் கோரும் மூன்றாவது மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலாளர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை 60 நாட்களுக்குச் சேர்த்து வழங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எங்கள் கரையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபோதுதான் எங்கள் ஆண்கள் எவ்வளவு தூரம் கடலோடுகிறார்கள் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. தேங்காப்பட்டணத்திலோ கொச்சியிலோ படகேறினால், சூறை மீனும் சுறாவும் தேடிப் போகிறவர்கள் திரும்ப முப்பது நாளும் ஆகலாம், நாற்பத்தைந்து நாளும் ஆகலாம். இதே கோரிக்கையுடன் முன்பு அனுப்பிய இரண்டு மனுக்களுக்கும் பதில் வராததால் இதை எழுதுகிறேன்.

1. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை ஒரு மாதத்துக்கு மட்டுமே தரப்படுகிறது. அடுத்த மாதத்துக்கு நோயாளி நேரில் வர வேண்டும் என்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். என் மாமியார் அதனால் பயன் பெறுகிறார். ஆனால் தன்னார்வலர் வீடு தேடி வரும் நாளில் எங்கள் ஆண்கள் கடலில் இருக்கிறார்கள்.

2. என் கணவருக்கு வயது 46. சென்ற முறை 45 நாள் தங்கலுக்கு 30 மாத்திரைகளுடன் போனார். பதினாறாம் நாளிலிருந்து, தூண்டிலில் இரை கோக்க மீன் நறுக்கும் கத்தியால் ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டாக வெட்டிப் பாதி பாதியாக விழுங்கியிருக்கிறார். கணக்குச் சரிதான் ஐயா, 45 நாளுக்கும் வந்திருக்கும். இரத்த அழுத்தத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. முப்பத்தெட்டாம் நாள் விடியற்காலையில் தூண்டில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர் வலது பக்கம் சரிந்து விழுந்தார். பக்கவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். படகு கரை சேர இரண்டு பகலும் இரண்டு இரவும் ஆயின. அவர் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை நான்தான் எடுத்தேன். மீதமிருந்த ஏழு பாதி மாத்திரைகள் கடல் ஈரத்தில் கரைந்து அட்டையோடு ஒட்டிப் போயிருந்தன. அந்த வலது கை இன்று சோற்றுப் பருக்கையைக்கூடப் பற்றுவதில்லை.

3. படகில் உப்புக் கருவாடும் ஊறுகாயும்தான் பல நாள் தொடுகறி. இராத் தூக்கம் கிடையாது. அழுத்தம் கூடுவதற்கு வேறென்ன வேண்டும்? இன்சுலின் போடுகிறவர்கள் நிலை இன்னும் கொடுமை. அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. படகிலோ மீனுக்கான ஐஸ் அறைதான் உண்டு.

4. வெயிலில் கண்ணில் சதை வளர்வது, எஞ்சின் இரைச்சலில் காது மந்தமாவது, இடுப்புவலி ஆகியவையும் உண்டு. அவற்றை இந்த மனுவில் நான் கேட்கவில்லை. கேட்பது மாத்திரை மட்டுமே.

5. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் ஆண்கள் ஊரில் இருப்பார்கள். அப்போது கடற்கரையிலேயே முகாம் நடத்தி இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதித்து நோட்டில் எழுதிக் கொடுக்கலாம். அதன்பின் தங்கலுக்குப் புறப்படும்போது 60 நாள் மாத்திரை கொடுக்கலாம். நோயாளி கடலில் இருந்தால் அந்த நோட்டைப் பார்த்து வீட்டிலுள்ள பெண்ணிடம் கொடுக்கலாம். அடுத்த படகில் போகிறவர் கையில் நாங்கள் கொடுத்தனுப்புவோம்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய மருத்துவர் வேண்டாம். ஓர் உத்தரவு போதும். நடுக்கடலில் இருப்பவரை "நேரில் வரச் சொல்லுங்கள்" என்று கவுண்டரில் எத்தனை முறை சொல்வார்கள்? அவர் எப்படி வருவார், நீந்தியா வருவார்? கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டும். என் மகனும் இப்போது அதே படகில்தான் இருக்கிறான்; அவன் சித்தப்பாவுக்கும் பிரஷர் உண்டு, அவரும் 30 மாத்திரைகளுடன்தான் போயிருக்கிறார்.

ஆகவே, அடுத்த தங்கல் புறப்படுவதற்கு முன் 60 நாள் மாத்திரை வழங்க உத்தரவிடுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முந்தைய மனுக்களின் நகலையும் என் கணவரின் நோட்டு நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தங்கல் தொழிலாளி ஒருவரின் மனைவி