தம்பியின் இரண்டு புள்ளிகள்

பகாவ், மலேசியா

அன்புள்ள நண்பனுக்கு,

சுங்கை சிப்புட்டிலிருந்து நீ அனுப்பிய கடிதமும், அதனுள் மடித்து வைத்திருந்த, உன் தம்பி தன் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) பற்றி நிரப்பிய இரண்டு கேள்வித்தாள்களின் நகல்களும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. மருந்தை மாற்றிய பிறகு மதிப்பெண் 21இலிருந்து 19க்கு இறங்கியிருப்பதால் முன்னேற்றம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். தம்பியோ தனக்கு ஒன்றும் மாறவில்லை என்கிறான். யார் சொல்வதை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த நாளில் இப்படியொரு தாளைக் கண்டதில்லை. ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்தவர்கள் மூச்சு வாங்க வந்து நிற்பார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பரவாயில்லை ஐயா" என்பார்கள். அந்தப் பரவாயில்லைக்குள் எவ்வளவு துன்பம் இருந்தது என்பதை அறிய எங்களுக்கு வழி இருக்கவில்லை.

அதை எண்ணாக்கிப் பார்க்க முயன்றவர்களுள் முக்கியமானவர் லண்டன் செயிண்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியின் பால் ஜோன்ஸ். 1992இல் வெளிவந்த அவருடைய செயிண்ட் ஜார்ஜ் கேள்வித்தாளில் 50 கேள்விகள் உள்ளன. அறிகுறி, செயல்பாடு, நோய் வாழ்க்கையில் ஏற்படுத்தும் பாதிப்பு என மூன்று பகுதிகள். மொத்தம் 0 முதல் 100 வரை. எண் கூடினால் நிலைமை மோசம். அதை நிரப்பி முடிப்பதற்குள் நோயாளிக்கும் தாதிக்கும் பொறுமை போய்விடும் என்பதால், 2009இல் எட்டே கேள்விகள் கொண்ட சி.ஏ.டி. (சி.ஓ.பி.டி. மதிப்பீட்டுச் சோதனை) தாளை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 40. இதிலும் எண் கூடினால் நிலைமை மோசம். தம்பி நிரப்பியது இதைத்தான். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை இருக்கும்போது இது எதற்கு என்று நீ கேட்கலாம். முதல் வினாடியில் ஒரே அளவு காற்றை ஊதும் இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய்வருவார், மற்றவர் வாசற்படியைத் தாண்டமாட்டார். அந்த வேறுபாடு ஊதுகுழலில் பதியாது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். செயிண்ட் ஜார்ஜ் தாளில் 4 புள்ளி, சி.ஏ.டி.யில் 2 புள்ளி மாறினால் அது நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று வைத்திருக்கிறார்கள். சி.ஏ.டி.க்கான 2 என்ற எண், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வந்தவர்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வினால் உறுதிப்பட்டது. ஆனால் இந்த எண்கள் பலரைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரியிலிருந்து பிறந்தவை. தனி ஒரு மனிதன் மீது அவற்றை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் தவறு நேரும், ஏனென்றால் உடம்பில் எதுவும் மாறாமலே அவன் விடை மாறக்கூடும். ஓய்வு பெற்ற பிறகு, இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவரை ஒரே வாரத்தில் இருமுறை நிரப்பச் சொன்னேன். மூன்று புள்ளி வேறுபட்டது. முதல் நாள் மழை, அவர் இரவு உறங்கவில்லை, அவ்வளவுதான்.

சராசரி மறுபக்கமும் ஏமாற்றும். மூச்சுக்குழாயை விரிக்கும் டயோட்ரோபியம் மருந்தை ஏறத்தாழ 6000 பேரிடம் நான்காண்டு சோதித்து 2008இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கும் அதற்குப் பதில் மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்களுக்கும் செயிண்ட் ஜார்ஜ் தாளில் இருந்த சராசரி வேறுபாடு 2.3 முதல் 3.3 வரைதான், 4ஐத் தொடவில்லை. அதைக் கண்டு பயனில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நான்காம் ஆண்டு முடிவில் 4 புள்ளியோ அதற்கு மேலோ தேறியவர்கள் மருந்துக் குழுவில் 45 விழுக்காடு, மற்றதில் 36 விழுக்காடு. சிலர் நன்றாகத் தேறியதும் சிலர் சற்றும் தேறாததும் சராசரியில் ஒன்றாகக் கரைந்துவிட்டன. அந்த மருந்து இல்லாமலே நூற்றுக்கு 36 பேர் தேறியதும் கவனிக்க வேண்டியது. ஒருவன் தேறிவிட்டான் என்பதனால் மட்டும் மருந்துதான் தேற்றியது என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே மொத்தத்தை ஒதுக்கிவிட்டுத் தம்பியின் தாள்களை வரி வரியாகப் படித்தேன். இருமல் 4இலிருந்து 2க்கும், சளி 4இலிருந்து 2க்கும் இறங்கியிருக்கின்றன. புதிய மருந்துக்குப் பிறகு வந்த இந்தக் குறைவு நல்லதுதான். ஆனால் வீட்டு வேலை செய்வதில் தடை 2இலிருந்து 3க்கும், வெளியே போகும் துணிவு பற்றிய எண் 1இலிருந்து 3க்கும் ஏறியிருக்கின்றன. நெஞ்சு இறுக்கமும் உறக்கமும் உடல் தெம்பும் அப்படியே உள்ளன. மீதி ஒன்று, மேடோ ஒரு மாடிப்படியோ ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பது. அது 4இலிருந்து 3ஆகியிருக்கிறது. இதுதான் எனக்கு உறுத்துகிறது. சென்ற தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படிகளைப் பார்த்துவிட்டு அவன் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். மேடே ஏறாதவனுக்கு மேட்டில் மூச்சு எப்படி வாங்கும்? மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டவன், நேர்மையாகவே குறைந்த எண்ணில் வட்டம் போடுவான். வாழ்க்கை சுருங்கச் சுருங்க மதிப்பெண் தேறுவதுபோல் தோன்றும் இந்தக் கோளாறை எந்தக் கூட்டல் கணக்கும் காட்டிக்கொடுக்காது.

எனவே கிளினிக்கும் தம்பியும் ஒன்றைப் பற்றியே பேசவில்லை. அவர்கள் இருமலைச் சொல்கிறார்கள், அவன் நடமாட்டத்தைச் சொல்கிறான். இருவர் சொல்வதும் மெய்தான். என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது அவன் சொல்வதற்கு. அடுத்த தவணையில் மருத்துவரிடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, துணிவு பற்றிய அந்த வரியைக் காட்டு. மருந்தோடு மறுவாழ்வுப் பயிற்சிக்கும் அனுப்ப முடியுமா என்று கேள்.

ஒரு செய்தி சொல்ல மறந்தேன். இரண்டாம் தாளின் கையெழுத்து வேறாக இருக்கிறதே, அவன் மருமகள் கேட்டுக் கேட்டு எழுதினாளா? அவள் எதிரே, மாமனார் தன் துன்பத்தைக் குறைத்தே சொல்வார். மூன்றாம் தாளை அவனே, காலை பசியாறிய பிறகு, அவசரமில்லாமல் நிரப்பட்டும். நிரப்பும் முன், போன வருஷம் செய்துவந்து இப்போது விட்டுவிட்ட வேலைகள் எவை என்று நீயே கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள். இரண்டையும் எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் பழைய பள்ளித் தோழன்