இருமல் சிரப்பில் இருக்கும் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தருகிறேன். போன மாதம் சளி பிடித்த மாணவி ஒருத்தி, கடையில் வாங்கிய இருமல் சிரப்போடு மைதானத்துக்கு வந்தாள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்: டெர்பியூட்டலின். விளையாட்டு வீரர்களுக்கான ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ள மருந்து. 2019-இல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா 8 மாதத் தடைக்கு ஆளானதும் இதனால்தான். "நான் ஊசி எதுவும் போடலையே சார்" என்று கண் கலங்கினாள். தெரியாமல் குடித்தாலும் விதிப்படி பொறுப்பு வீரருடையதுதான் என்று அந்தப் பிள்ளைக்கு அதுவரை யாருமே சொன்னதில்லை. நானும்தான்.

2023-இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213-இல் ஊக்கமருந்து தெரிந்தது. தேசிய முகாமுக்குப் போன பிறகு இதைப் பற்றி வகுப்பு எடுப்பது ரொம்பத் தாமதம். மாவட்டப் போட்டியில் நெஞ்சு எண் கொடுக்கும் மேசையிலேயே இதை விளக்கித் தமிழில் ஒரு தாள் கொடுங்கள். அப்புறம், பெற்றோரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

ஓட்டப் பயிற்சியாளர், பாளையங்கோட்டை